பிஞ்ச் குஞ்சில் ஆண் எது, பெண் எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டை மொட்டை மாடியில் தொடங்கி கடலூர் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் வீட்டு வராந்தா வரைக்கும் பிஞ்ச் என்னும் சின்னக் குருவிகளைக் கூண்டில் வைத்திருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். புதிதாகக் குஞ்சு வாங்கியவர்களும் சரி, முதல் ஈட்டுக் குஞ்சு கூட்டுப் பானையை விட்டு வெளியே வந்த சந்தோஷத்தில் இருப்பவர்களும் சரி, கேட்பது ஒன்றேதான்: இதில் ஆண் எது, பெண் எது? வளர்ந்த ஜீப்ரா பிஞ்சில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், குஞ்சில் அப்படிச் சொல்ல முடியாது, சில இனங்களில் வளர்ந்த பிறகும் முடியாது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஜீப்ரா குஞ்சுக்கு ஒரு மாதம் ஆகப்போகிறது. இப்போதே தெரியுமா?

நிறத்தை வைத்துத் தெரியாது. முட்டையிலிருந்து வெளிவர 12 முதல் 14 நாள், பானையை விட்டு வெளியே எட்டிப் பார்க்க இன்னொரு 18 முதல் 21 நாள், தானே தினை கொறித்துத் தின்ன, பொரித்ததிலிருந்து ஏறக்குறைய 35 நாள். இந்தக் காலம் முழுக்க எல்லாக் குஞ்சும் அம்மா மாதிரியே இருக்கும், சாம்பல் உடம்பு, வெளிர் வயிறு, அலகு மட்டும் கறுப்பு. கண்ணுக்குக் கீழே கண்ணீர் வழிந்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு வரும், அதைப் பார்த்துவிட்டு "கோடு வந்துவிட்டது, ஆண்தான்" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தக் கோடு இரண்டுக்கும் உண்டு. வாலில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் பட்டையும் இரண்டுக்கும் உண்டு.

ஒரு மாதம் தாண்டிய பிறகு, சிலதில் ஐந்தாவது வாரம், சிலதில் ஏழாவது வாரம், ஆணுக்கு உரிய நிறம் தலைகாட்டத் தொடங்கும். மூன்று மாதம் முடியும்போது முழுசாக வந்திருக்கும். ஒரே பானையில் பிறந்த அண்ணன் தம்பிகளுக்கு இடையிலேயே ஒரு வாரம் பத்து நாள் வித்தியாசம் வரலாம். அதனால் 45 நாளில் நிறம் வரவில்லை என்று பெண் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

சரி, நிறம் வரும்போது முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

எல்லோரும் கன்னத்தைத்தான் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் இறக்கைக்குக் கீழே விலாப்பக்கத்தையும் மார்பையும் சேர்த்துப் பாருங்கள் என்பேன். குஞ்சு சோம்பல் முறித்து ஒரு பக்க இறக்கையையும் காலையும் நீட்டும், அந்த ஒரு நொடிதான் வாய்ப்பு. சாம்பல் இறகுகளுக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரே ஒரு இறகு, அதன் மேல் வெள்ளையாக ஒரு புள்ளி. அது ஒன்று போதும், ஆண். பிறகு கன்னத்தில் ஆரஞ்சு இறகு திட்டுத் திட்டாக வரும், முதலில் அழுக்குப் பட்ட மாதிரிதான் இருக்கும், ஒரு கன்னம் முந்தி ஒரு கன்னம் பிந்தியும் வரும். மார்பில் மெல்லிய வரிகளும் அதன் கீழ் ஒரு கறுப்புப் பட்டையும் மெதுவாகக் கூடும்.

அலகும் இந்தச் சமயத்தில்தான் மாறும். கறுப்பு அடியிலிருந்து கரைந்து நுனிக்குப் போகும். ஆணுக்கு நல்ல சிவப்பு, பெண்ணுக்கு ஆரஞ்சு. ஆனால் பாதி மாறிய அலகு எல்லாக் குஞ்சிலும் ஆரஞ்சாகத்தான் தெரியும், ஆகையால் கறுப்பு முழுசாகப் போகும்வரை அலகை வைத்துப் பேசாதீர்கள். பார்ப்பதைக் காலை வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் எல்லா அலகும் சிவப்பு, குழல் விளக்கின் கீழ் எல்லாம் வெளிறல்.

நிறம் வருவதற்கு முன்னால் கண்டுபிடிக்க வழியே இல்லையா?

இருக்கிறது. காது வேண்டும், பொறுமை வேண்டும்.

ஜீப்ராவில் பாடுவது ஆண் மட்டும்தான். பெண் கத்தும், கூப்பிடும், சண்டை போடும், பாடாது. ஆண் குஞ்சு ஒரு மாதத்திலேயே பாடிப் பழக ஆரம்பித்துவிடும், பல குஞ்சுகளில் முதல் செம்மை இறகு முளைப்பதற்கு முன்பே. ஆனால் அது பெரிய ஆண் மாதிரி நிமிர்ந்து நின்று பாடாது. வயிறு நிறையத் தின்றுவிட்டு, மத்தியானம் கூண்டு அடங்கிய நேரத்தில் ஒரு மூலைக் குச்சியில் உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தொண்டை மட்டும் துடிக்க, தனக்குத்தானே முணுமுணுக்கும். சத்தம் அவ்வளவு மெலிசு, ஃபேன் ஓடினால் கேட்காது. அலகு அசைவதும் தொண்டை இறகு அதிர்வதும்தான் கண்ணுக்குத் தெரியும். கோர்வையே இருக்காது, நாலு சத்தம், ஒரு நிறுத்தம், வேறு நாலு சத்தம். அப்படி ஒரு குஞ்சைப் பார்த்தால் காலில் ஒரு கலர் வளையம் போட்டுவிடுங்கள், பெரும்பாலும் சில வாரத்தில் அதன் விலாவில் புள்ளி வந்து நிற்கும்.

இது வெறும் பழக்கத்தில் வரும் வித்தியாசம் இல்லை, மூளையிலேயே இருக்கிறது. பாட்டைக் கட்டுப்படுத்தும் பகுதிகள் ஆண் ஜீப்ராவின் மூளையில் பெண்ணைவிடப் பல மடங்கு பெரிது. 1976இல் நாட்டபோம், ஆர்னால்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜீப்ரா பிஞ்சிலும் கேனரியிலும் இதைக் காட்டினார்கள். முதுகெலும்புள்ள உயிரினங்களில் ஆண் மூளைக்கும் பெண் மூளைக்கும் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருக்கலாம் என்று உலகத்துக்குத் தெரியவைத்தது நாம் மாடியில் வளர்க்கும் இந்தக் குருவிதான், எனக்கு இதை நினைத்தாலே பெருமையாக இருக்கும்.

இன்னொன்று, கூப்பிடும் குரல். வளர்ந்த ஜீப்ராக்களில் துணையைப் பிரித்துப் பக்கத்து அறையில் வைத்தால் இரண்டும் மாறி மாறிக் கூப்பிடும். பெண்ணின் குரல் கொஞ்சம் நீளம், தணிந்த சுருதி. ஆணின் குரல் குட்டை, சுருதி ஏற்றம், நறுக்கென்று முடியும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு இது நன்றாகப் பொருந்தும், குஞ்சுக்குப் பொருந்தாது.

அப்பாவிடமிருந்து குஞ்சுகளை எப்போது பிரிக்கலாம்? ஆண் குஞ்சுக்கு நிறம் வந்ததும் அப்பா துரத்துகிறதே?

துரத்தும். மகனுக்கு ஆரஞ்சுக் கன்னம் வந்தால் அப்பாவுக்கு அது போட்டிக்கு வந்த இன்னொரு ஆண், அதுவும் அம்மா அடுத்த ஈட்டுக்கு உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். தானே நன்றாகத் தின்கிறது என்று உறுதியான பிறகு, 40, 45 நாளில், பெரும்பாலானவர்கள் பிரித்துவிடுவார்கள். அதில் தப்பில்லை. ஆனால் வேறு அறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

காரணம் பாட்டு. ஆண் குஞ்சு பாட்டைக் கேட்டு மனதில் வாங்கிக்கொள்வது ஏறக்குறைய 25ஆம் நாளிலிருந்து 65ஆம் நாள் வரைக்கும். வாங்கியதைப் பாடிப் பாடிச் சரிசெய்துகொண்டே வந்து 90ஆம் நாள் வாக்கில் ஒரு பாட்டு நிலைத்துவிடும், அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அதே பாட்டுதான். இந்தக் காலத்தில் வளர்ந்த ஆண் குரலே கேட்காமல் வளர்ந்தால் பாடும், ஆனால் ஒழுங்கில்லாமல் நீளமான சத்தங்களாகப் பாடும். பெங்காலீஸ் என்ற வேறு பிஞ்ச் இனத்தின் ஜோடியிடம் வளரவிட்ட ஜீப்ரா ஆண், பெங்காலீஸ் பாட்டைப் பாடும், பெரியதானதும் பெங்காலீஸ் பெண்ணைத்தான் சுற்றும். அதனால் பிரித்த குஞ்சுக் கூண்டை அப்பா கூண்டுக்கு எதிரே வையுங்கள். பார்க்கட்டும், கேட்கட்டும், கொத்து மட்டும் வாங்க வேண்டாம்.

வெள்ளை ஜீப்ராவில் கன்னமும் இல்லை, வரியும் இல்லை. எப்படிப் பார்ப்பது?

அலகும் பாட்டும் மட்டும்தான். முழு வெள்ளையில் ஆணின் அலகு மிளகாய்ப் பழச் சிவப்பு, பெண்ணுடையது ஆரஞ்சு. தனியாக ஒன்றைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒரே வயதுள்ள நாலைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்துக் களைத்த பறவைக்கு அலகு வெளிறும், உடம்பு சரியில்லாத ஆணுக்கும் வெளிறும். மஞ்சள் அலகு வகை என்று ஒன்று இருக்கிறது, அதில் ஆணே ஆரஞ்சாகத்தான் இருக்கும். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் வெள்ளைக்குப் பாட்டுக் கேட்டு வாங்குவதே நல்லது.

ஃபான் (பழுப்பு) கலர் ஜீப்ராவில் பானைக்குள்ளேயே ஆண் பெண் சொல்லலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மனிதரில் ஆணுக்கு எக்ஸ், ஒய் என்று இரண்டு வேறு குரோமோசோம்கள் இருப்பதுபோல, பறவையில் பெண்ணுக்குத்தான் இரண்டும் வேறு வேறு. ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெண் குஞ்சு தன்னுடைய ஒரே இசட்டை அப்பாவிடமிருந்து மட்டும்தான் வாங்குகிறது. ஃபான் நிறத்துக்கான மரபணு இசட்டில் இருக்கிறது, சாம்பல் நிறத்துக்கு அடங்கிப் போகும் வகை. ஆண் ஃபானாகத் தெரிய இரண்டு இசட்டிலும் அது இருக்க வேண்டும், பெண்ணுக்கு ஒன்று போதும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. அம்மா சாம்பலாக இருந்து ஒரு குஞ்சு ஃபானாகப் பிறந்தால் அந்தக் குஞ்சு பெண், அப்பா எந்த நிறமாக இருந்தாலும் சரி. அப்பா ஃபானாகவும் அம்மா சாம்பலாகவும் இருந்தால் இன்னும் சுலபம்: ஃபான் குஞ்சு எல்லாம் பெண், சாம்பல் குஞ்சு எல்லாம் ஆண். இறகு முளைத்து விரியத் தொடங்கும்போதே, இரண்டு வாரத்தில், பழுப்பா சாம்பலா என்று தெரிந்துவிடும். விலாவில் செம்மை நிற்கும் வெள்ளை வகைக்கும் இதே கணக்குதான். முழு வெள்ளைக்கும், வெள்ளைத் திட்டு விழுந்த பைடுக்கும் இந்தக் கணக்கு செல்லாது, அந்த மரபணுக்கள் வேறு குரோமோசோமில் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. பத்து ஜோடியை ஒரே பெரிய கூண்டில் விட்டிருந்தால் எந்தக் குஞ்சுக்கு யார் அப்பா என்று சொல்ல முடியாது, இன்னொருத்தி பானையில் போய் முட்டையிடும் பெண்ணும் உண்டு. இந்தக் கணக்கு வேலை செய்ய ஒரு கூண்டுக்கு ஒரு ஜோடி இருக்க வேண்டும்.

பெங்காலீஸ் இரண்டு வாங்கினேன். ஒரு வருஷம் ஆகிறது, இன்னும் தெரியவில்லை.

நிறத்தையோ உடம்பையோ பார்த்தால் இன்னும் பத்து வருஷம் ஆனாலும் தெரியாது. வெண்முதுகுச் சில்லை என்ற காட்டுக் குருவியிலிருந்து சீனாவிலும் ஜப்பானிலும் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே வளர்த்து உருவாக்கிய பறவை அது. ஆணும் பெண்ணும் அச்சு அசல் ஒன்று. தலை பெரியது ஆண், அலகு அகலம் ஆண் என்று சொல்வதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

பாட்டுதான் வழி. ஆண் பெங்காலீஸ் பாடும்போது வயிற்று இறகை உப்பிக்கொண்டு, நிமிர்ந்து, குச்சியில் பக்கவாட்டில் ஆடி ஆடிக் குதித்துக்கொண்டு பாடும். சில நொடிதான். ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஜீப்ரா மாதிரியே இதிலும் குஞ்சு ஒரு மாதத்துக்கு மேல் முணுமுணுக்கத் தொடங்கும், பாட்டு நிலைக்க நாலு மாதம் வரை எடுத்துக்கொள்ளும்.

பாடவைக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. சந்தேகமான பறவையைச் சாயங்காலம் தனிக் கூண்டில், மற்றவை கண்ணில் படாமல் வையுங்கள். தீனி, தண்ணீர் எல்லாம் இருக்கட்டும். மறுநாள் காலையில் தெரியாத இன்னொரு பெங்காலீஸ் இருக்கும் கூண்டில் விட்டுவிட்டு, ஐந்தடி தள்ளி உட்கார்ந்து கவனியுங்கள். ஆண் என்றால் பெரும்பாலும் சில நிமிஷத்தில் உப்பிக்கொண்டு பாடிவிடும். பாடியதற்கு நீல வளையம். பாடாததை உடனே பெண் என்று எழுதாதீர்கள், பயந்த ஆணும் பாடாது, இறகு உதிர்க்கும் ஆணும் பாடாது. வேறு வேறு நாளில் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

கூப்பிடும் குரலும் இந்த இனத்தில் நன்றாகக் கைகொடுக்கும். கூட்டத்திலிருந்து பிரித்தவுடன் கூப்பிடும் சத்தத்தைக் கேளுங்கள். பெண்ணின் குரலில் "ட்ர்ர்ர்" என்று ஒரு உருளல் இருக்கும். ஆணின் குரல் "பீப்" என்று தனியாக, உருளல் இல்லாமல் வரும். முதலில் உறுதியாகத் தெரிந்த ஒரு ஆண், ஒரு பெண் குரலை போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் காது சீக்கிரம் பழகிவிடும்.

இரண்டும் ஒரே பானையில் தூங்குகிறது, ஒன்றுக்கொன்று இறகு கோதுகிறது, முட்டையும் இருக்கிறது. ஜோடிதானே?

கட்டாயம் இல்லை. இரண்டு ஆணும் இப்படி இருக்கும், இரண்டு பெண்ணும் இப்படி இருக்கும். பானையில் எட்டு, பத்து என்று முட்டை குவிந்தால் இரண்டு பெண் இட்டது என்று சந்தேகப்படுங்கள். ஒரு ஜோடிக்கு நாலிலிருந்து ஆறு, ஏழுதான் வழக்கம். ஒரு வாரம் அடைகாத்த பிறகு இருட்டில் சின்ன டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள், சிவப்பு நரம்பு தெரியாமல் எல்லாம் வெறும் மஞ்சளாக இருந்தால் ஆணே இல்லாமல் இருக்கலாம். மாதக்கணக்கில் தேங்காய் நாரை இழுத்து இழுத்துக் கூடு கட்டிக்கொண்டே இருந்து ஒரு முட்டைகூட வரவில்லை என்றால் இரண்டும் ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம், இரண்டும் பாடுகிறதா என்று கவனித்தால் முடிந்தது.

ஜாவா குருவியில்?

குஞ்சு பழுப்புச் சாம்பல், அலகு கறுப்பு, பிறகு இளஞ்சிவப்பு. வளர்ந்த பிறகும் நிறம் ஒன்றுதான். ஆணின் அலகு அடியில் கொஞ்சம் புடைத்து நெற்றியோடு சேரும் இடத்தில் மேடாக இருக்கும், கண் வளையம் இனப்பெருக்கக் காலத்தில் கூடுதல் சிவப்பாக, தடிப்பாகத் தெரியும். இதை ஆறு மாதத்துக்கு மேற்பட்ட, ஒரே ஈட்டுப் பறவைகளை ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். இங்கேயும் பாடுவது ஆண். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஜாவா, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாவது இணைப்பில் இருக்கும் பறவை, 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். வாங்கும்போதே தாள் கேளுங்கள்.

கோல்டியன் பிஞ்ச் குஞ்சு வெறும் பச்சைச் சாம்பலாக இருக்கிறது. எப்போது கலர் வரும்?

இரண்டு மாதம் வாக்கில் ஆரம்பித்து ஐந்து, ஆறு மாதம் வரை இழுக்கும். மார்பைப் பாருங்கள், ஆணுக்கு அடர்ந்த ஊதா, பெண்ணுக்கு வெளிறிய ஊதா. வெள்ளை மார்பு வகையில் இந்த அடையாளம் போய்விடும், அப்போது இனப்பெருக்கக் காலத்தில் அலகைப் பார்க்கலாம், பெண்ணுக்கு அலகு கறுத்துப் போகும், ஆணுக்கு வெளிர் முத்து நிறத்தில் நுனி மட்டும் நிறமாக இருக்கும். கோல்டியன் பாட்டு வளர்ந்த பறவையிலேயே மிக மெல்லிசு, இளம் ஆண் கழுத்தை நீட்டி அலகை அசைத்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் நின்றால்தான் ஏதோ கேட்கும்.

நிறம் மாறும் மாதங்கள் இந்தப் பறவைக்குக் கஷ்டமான காலம். நம் பக்கத்தில் அது ஐப்பசி, கார்த்திகை அடைமழையோடு சேர்ந்துவிட்டால் கூண்டைச் சாரல் அடிக்காத, காற்று நேராக விழாத இடத்துக்கு மாற்றுங்கள், ஈரத்தில் தீனி பூஞ்சை பிடிக்கிறதா என்று தினமும் முகர்ந்து பாருங்கள். ஆண் பெண் தெரியும்வரை உயிரோடு இருக்க வேண்டுமே.

கட் த்ரோட், ஸ்டார், ஆந்தை பிஞ்ச்?

கட் த்ரோட் ரொம்பச் சுலபம். கழுத்தில் சிவப்புப் பட்டை இருந்தால் ஆண், கூட்டை விட்டு வரும்போதே மங்கலாகத் தெரியும். ஸ்டாரில் ஆணுக்கு முகச் சிவப்பு பரவி அழுத்தமாக இருக்கும், பெண்ணுக்குக் குறைவு, குஞ்சில் எதுவும் இருக்காது. ஆந்தை பிஞ்சில் கண்ணால் சொல்ல முடியாது, பாட்டு அல்லது டி.என்.ஏ.

ஊசியில் நூல் கோத்துத் தலைக்கு மேல் பிடித்தால் ஆணுக்குச் சுற்றும், பெண்ணுக்கு ஆடும் என்று எங்கள் தாத்தா செய்வார்.

தாத்தா மேல் மரியாதை இருக்கட்டும், ஊசி ஆடுவது கை அசைவில். கூர்மையான முட்டை ஆண், உருண்டை முட்டை பெண் என்பதும் அப்படித்தான். இடுப்பெலும்பைத் தடவிப் பார்ப்பது முட்டையிட்டுப் பழகிய பெரிய பறவைகளில் ஓரளவு எதையோ சொல்லும், விரல் நுனி அளவு இருக்கும் ஜீப்ரா குஞ்சில் எதுவும் சொல்லாது. வயிற்றை அழுத்திப் பார்க்கவே பார்க்காதீர்கள். 12, 15 கிராம் எடையுள்ள உயிர், பிஞ்சுக்கு மார்புக்கூடு விரிந்தால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் கையிலேயே போய்விடும்.

டி.என்.ஏ. டெஸ்ட் எடுக்கலாமா? இறகு எப்படி அனுப்புவது?

எந்த வயதிலும் எடுக்கலாம். இசட்டிலும் டபிள்யூவிலும் கொஞ்சம் நீள வித்தியாசத்தோடு இருக்கும் சி.ஹெச்.டி. என்ற மரபணுவைப் பெருக்கிப் பார்க்கிறார்கள், சோதனையில் ஒரு பட்டை வந்தால் ஆண், இரண்டு வந்தால் பெண். கீழே உதிர்ந்து கிடக்கும் இறகு வேண்டாம். மார்பிலிருந்து புதிதாக எடுத்த நாலைந்து இறகு, வேர் முனையில் விரல் படாமல், காகித உறையில். உறை மேல் வளைய எண் எழுதுங்கள். இரண்டு பறவை இறகு கலந்துவிட்டால் டெஸ்ட்டே வீண். இறகு பிடுங்கத் தெரியாவிட்டால் பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், புதுச்சேரியில் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ஜீப்ராவுக்கு இது தேவையில்லாத செலவு, இரண்டு மாதம் காத்திருந்தால் பறவையே சொல்லிவிடும். ஆந்தை பிஞ்ச், விலை கூடிய ஜாவா, இவற்றுக்குச் செய்யலாம்.

பாதி ஆண், பாதி பெண் மாதிரி பிஞ்ச் இருக்குமா?

மிக மிக அபூர்வமாக. வலப்பக்கம் ஆண் நிறம், இடப்பக்கம் பெண் நிறம் என்று நேர்கோட்டில் பிரிந்த ஒரு ஜீப்ரா பிஞ்சைப் பற்றி 2003இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. உங்கள் குஞ்சுக்கு ஒரு கன்னம் மட்டும் ஆரஞ்சு என்றால் அது இறகு மாற்றம்தான், இரண்டு வாரம் பொறுங்கள்.

காந்தி வீதி சண்டே மார்க்கெட் போகும்போது அப்படியே பறவைக் கடைக்கும் போவேன். "கன்ஃபார்ம் பேருண்ணா", அதாவது உறுதியான ஜோடி, என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நம்பலாமா?

அலகைப் பாருங்கள். கறுப்பாகவோ பாதிக் கறுப்பாகவோ இருந்தால் யார் சொன்னாலும் அது கன்ஃபார்ம் இல்லை, குஞ்சு. அதற்காகக் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. அலகு மாறிய ஜீப்ரா என்றால் நிறத்தைப் பார்த்து எடுங்கள். பெங்காலீஸ் என்றால் கடைக்குள் நுழைந்தவுடன் கை நீட்டாமல், கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்று எது பாடுகிறது என்று பாருங்கள், பாடியதை ஒன்று எடுங்கள், பாடாததில் இரண்டு மூன்று எடுங்கள். நாலைந்தாக வாங்கி வளையம் போட்டு வளர்த்தால் அதில் ஒரு ஜோடி தானாக அமைந்துவிடும், ஒரே ஒரு "ஜோடி" வாங்கி ஏமாறுவதைவிட இது மேல். கடலூருக்கு பஸ்ஸில் அட்டைப்பெட்டியில் கொண்டுபோன பறவையிடம் அன்றைக்கே பாட்டை எதிர்பார்க்காதீர்கள், ஒரு வாரம் விடுங்கள்.

பச்சையும் ரோஸுமாகச் சின்னக் குருவி விற்கிறார்கள். அது எந்த பிஞ்ச்? அதில் ஆண் பெண்?

பல சமயம் அது சாயம் ஏற்றிய சில்லை. ஊசுட்டேரி, பாகூர் பக்கம் நெல் வயலில் கூட்டமாகப் பறக்கும் புள்ளிச் சில்லையும் வெண்தொண்டைச் சில்லையும் நம் காட்டுப் பறவைகள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்கி வளர்ப்பதும் குற்றம். வலையில் பிடித்துச் சாயத்தில் முக்கும்போதே பல செத்துவிடும். ஆண் பெண் கேட்காதீர்கள், வாங்காதீர்கள்.

ஆண் பெண் தெரிந்துவிட்டது. மூன்று மாதம்தான் ஆகிறது, ஆனால் பானைக்குள் போய்ப் போய் வருகிறது. முட்டைக்கு விடலாமா?

வேண்டாம். இவ்வளவு மெனக்கெட்டு ஆண் பெண் பிரிப்பதே இதற்காகத்தான். ஜீப்ரா மூன்று மாதத்திலேயே முட்டையிடும் தகுதிக்கு வந்துவிடும், உடம்பு வந்திருக்காது. அந்த வயதில் முட்டை மாட்டிக்கொண்டு செத்த பெண்கள் ஏராளம். காலையில் பார்த்தால் இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கும், வால் மேலும் கீழும் அடிக்கும், முக்கும். உடனே தனியாக எடுத்து, ஒரு பக்கம் விளக்குச் சூடு படும்படி வைத்து, மருத்துவரிடம் ஓடுங்கள்.

பெண்ணுக்குக் குறைந்தது ஆறு மாதம், எட்டு ஒன்பது மாதம் ஆனால் இன்னும் நல்லது. அதுவரை பானையைக் கழற்றி வையுங்கள், நாரும் வேண்டாம். கடல் நுரை எனப்படும் கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் தொங்கட்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், தேவனாம்பட்டினம் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓட்டை எடுத்து நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பு போன பிறகு வெயிலில் காயவைத்தாலும் அதேதான். மழை முடிந்து தை பிறந்த பிறகு பானை கட்டி, சித்திரைக் கத்திரி வெயில் வருவதற்குள் எடுத்துவிடுங்கள், வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈடு போதும்.

அண்ணன் தங்கச்சியைப் பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

அவையே ஜோடி சேர்ந்துவிடும், பறவைக்கு நம் உறவுமுறை தெரியாது. குஞ்சு பொரியாத முட்டை கூடும், பொரித்ததும் நோஞ்சானாக இருக்கும். ஆகவே 60, 70 நாளுக்குள் ஆண்களை ஒரு கூண்டு, பெண்களை ஒரு கூண்டு என்று பிரித்துவிடுங்கள். சந்தேகமானவற்றை ஆண் கூண்டில் விடாமல் பெண்களோடு விடுங்கள், அங்கே ஒன்று பாடத் தொடங்கினால் உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு பானைக்கும் ஒரு வளைய நிறம் வைத்து ஒரு நோட்டில் எழுதுங்கள், வேறு ஒருவரிடம் மாற்றிக்கொள்ளும்போது அந்த நோட்டும் கூடப் போகட்டும்.

எனக்கு முட்டையே வேண்டாம், பார்க்க மட்டும்தான். ஆண் மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. நாலு ஆண் ஜீப்ரா, மூன்றடி கூண்டு, பானை இல்லாமல். பெண் ஒன்றுகூடப் பார்வையில் படாத இடமாக இருந்தால் சண்டையும் குறைவு. பெண் மட்டும் வைத்தால் அமைதியாக இருக்கும், ஆனால் ஆண் இல்லாமலே முட்டையிடும், பானை இல்லாவிட்டால் தீனிக் கிண்ணத்தில்கூட இடும், திரும்பத் திரும்ப இட்டு உடம்பு இளைக்கும். பாட்டும் வேண்டும், முட்டையும் வேண்டாம் என்றால் ஆண்களே சரி.